ஆளுக்குப் பாதி

சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது. அவருக்குப் பொய் வராது. ‘ஆகா, எப்பேர்ப்பட்ட மனிதர்’ என்று நெகிழ்கிறவர்கள் அவரோடு ஒரு வாரம் பழகியிருக்க வேண்டும். நான் பல வருடங்கள் பழகினேன். என் ரத்த அழுத்த மாத்திரை அரையிலிருந்து முழுசாக மாறியதில் அவருக்குக் கணிசமான பங்குண்டு.

திருத்தணி மலையடிவாரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகள், காவடி எடுத்த களைப்போடு நிற்கும் மாமாக்கள், மாலையும் கழுத்துமாக மலையிறங்கி வரும் ஜோடிகள் என்று பிழைப்பு ஓடியது. கேமராவைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு. வியாபாரத்துக்கு வேண்டிய இன்னொரு சரக்குதான் அவரிடம் இல்லை.

ஆல்பம் ஏன் தாமதம் என்று ஒரு மாப்பிள்ளையின் அம்மா வந்து கேட்டார். வேறு எந்த ஸ்டுடியோக்காரராக இருந்தாலும் ‘லேப்ல லேட்டுங்க’ என்றிருப்பார். அந்த அம்மாவும் திட்டிவிட்டு நிம்மதியாக வீடு போயிருப்பார். இவர், “மறந்தே பூட்டேன்மா. நீங்க வந்து நின்னப்பதான் ஞாபகம் வந்துச்சு” என்றார். அந்தக் குடும்பத்தின் அடுத்த சீமந்தத்துக்கு அரக்கோணத்திலிருந்து ஆள் வந்து படமெடுத்தார்.

எனக்கும் குறை வைக்கவில்லை. ஒரு வாரப் பத்திரிகையில், நகைச்சுவை என்ற நம்பிக்கையில், நான் எழுதிவந்த பத்தியைத் தவறாமல் படிப்பார். “ரெண்டாவது பாராவுல சிரிச்சேன் சார்” என்பார். மேலும் வரும் என்று காத்திருப்பேன். “அப்பால கரண்ட் பூடுச்சு. வந்ததும் மொதல்லேர்ந்து மறுபடி படிச்சேன். அப்போ சிரிப்பு வரல.”

சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். “வாய மூடிக்கினு இருந்தாலும் மூஞ்சி சொல்லிடுது சார். இன்னா பண்றது” என்றார். அவர் மனைவி அந்த மூஞ்சியை வைத்துத்தான் குடும்பம் நடத்தினார். “இவர வெசாரிக்க போலீஸெல்லாம் வேணாங்க. வெளிய எதுனா சாப்ட்டியான்னு கேட்டுட்டு மூஞ்சியப் பார்த்தா போதும். பஜ்ஜியா போண்டாவான்னே தெரிஞ்சிடும்.”

இதுவரை சிரிக்கலாம்.

வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொள்ளும் ஜோடிகள் ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் எங்கள் ஊருக்கு வருவார்கள். சந்துக்குள் இருக்கும் ஏதாவது ஒரு சின்னக் கோயிலில், ரசீது கிசீது இல்லாமல், அவசரமாகத் தாலி கட்டிக்கொள்வார்கள். பின்னால் சண்டை வரும் என்று மற்ற போட்டோக்காரர்கள் நழுவிவிடுவார்கள். இவர் போவார். “நேரம் இருக்கான்னு கேட்டாங்க. இருந்துச்சு. இல்லன்னு எப்படிச் சொல்றது?” என்பது இவர் தரப்பு நியாயம்.

அப்படி ஒரு பெண்ணுக்குப் படமெடுத்த மறுநாள் அவளுடைய அப்பா ஸ்டுடியோவுக்கு வந்தார். கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை. மேஜைமேல் வெற்றிலையைப் போட்டு, அதன்மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். “எம்பொண்ணு எங்க போச்சுன்னு தெரியாதுன்னு இதக் கையால அணைச்சு சத்தியம் பண்ணு. நான் போயிடறேன்.” இவர் கை எழவில்லை. “சித்தூர் பஸ் ஏறினாங்க” என்றார். சாயங்காலம் அந்தப் பெண்ணைத் தலைமுடியைப் பிடித்து அந்தத் தெரு வழியாகவே இழுத்துக்கொண்டு போனார்கள். ஸ்டுடியோ வாசலைத் தாண்டும்போது அவள் இவரைப் பார்த்தாளாம்.

சில நாட்கள் கடை திறக்கவில்லை. நான் வீட்டுக்குப் போனபோது தரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “கேட்டாங்க சார். சொல்லிட்டேன்” என்றார். அன்றைக்கு அவர் மனைவிகூட அவர் மூஞ்சியைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டருக்குப் பூட்டு தேட ஆரம்பித்தார். தேடித் தர வேண்டியவன் நான். கணினியில் தட்டச்சு செய்கிறவனுக்கு அதன் குடல், ஈரல் எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஊர் நம்பியது. நான் மறுக்கவில்லை. எனக்குப் பொய் வரும்.

அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். திரையின் நடுவில் ஒரு ஃபோல்டர். அதன் பெயர் ‘ஓடிப்போனவங்க’. உள்ளே ஜோடி ஜோடியாகப் படங்கள். கூடவே ஆதார் நகல்கள், பள்ளிச் சான்றிதழ்கள், போய்ச் சேர்ந்த ஊரின் விலாசங்கள். வீட்டில் கிழித்துவிடுவார்கள் என்று பயந்து பிள்ளைகள் இவரிடம் கொடுத்து வைத்தவை. யார் வேண்டுமானாலும் வந்து மவுஸைத் தட்டினால் போதும்.

முதலில் அந்த ஃபோல்டரை மறைத்து வைத்தேன். “எதுனா மறைச்சு வெச்சிக்கிறியான்னு கேட்டா, ஆங், வெச்சிருக்கேன்னு சொல்லிடுவேனே சார்” என்றார். அடுத்து, கோப்புகளைச் சுருக்கிப் பாஸ்வேர்ட் போடும் மென்பொருள் ஒன்றை இறக்கினேன். படங்களைப் பூட்டியது; ஆனால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களை வாசலில் நிற்கிறவர்களுக்குக்கூடப் படித்துக் காட்டியது. இவர் ஒவ்வொரு கோப்புக்கும் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், ஊர் எல்லாம் வைத்திருந்தார். கம்ப்யூட்டரோடு கூடவே வரும் பூட்டைத் தேடினேன். அவருடைய மலிவான பதிப்பில் அது இல்லை. இருந்திருந்தாலும் உதவியிருக்காது. மாற்றுச் சாவி ஒன்றைக் கொண்டுபோய் அவருடைய இணையக் கணக்கில் வைத்துவிடும் என்று படித்தேன். “அப்போ என்னால தொறக்க முடியும்ல? தொறடான்னா தொறந்துதானே ஆவணும்?”

கடைசியாக ஒன்று கிடைத்தது. இலவசம். எப்படி வேலை செய்கிறது என்பதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருந்தார்கள். கணினிக்குள் ஒரு பெட்டியை உண்டாக்கும். பாஸ்வேர்ட் இல்லாவிட்டால் அது வெறும் குப்பைக் கோப்பாகத் தெரியும். அதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி, பெட்டிக்குள் இன்னொரு ரகசியப் பெட்டி வைக்கலாம். மிரட்டிக் கேட்டால் முதல் பெட்டியை மட்டும் திறந்து காட்டிவிட்டு ‘இவ்வளவுதான்’ என்று கையை விரிக்கலாம். நானே கண்டுபிடித்த மாதிரி பெருமையோடு விளக்கினேன்.

“அது பொய்ல்ல சார்” என்றார்.

“பொய்தான். அதுக்குத்தானே அந்த வசதி.”

“அப்போ அது வேணாம்.”

பெட்டி மட்டும் போதும் என்றார். அந்த மென்பொருளின் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது: பாஸ்வேர்டை மறந்தால் தங்களாலும் திறக்க முடியாது. அதைப் படித்துச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. “தோ பாருங்க, எவ்ளோ நேர்மையா எழுதிக்கினு இருக்கான். இதப் போடுங்க.”

பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியக் கூடாது. அது அவர் போட்ட நிபந்தனை. அவருக்குத் தெரியாவிட்டால் எந்தக் கற்பூரத்தையும் நிம்மதியாக அணைப்பார். ஜோடிகளே போட்டுக்கொள்ளட்டும், ஜோடிக்கு ஒரு பெட்டி என்றார். சற்று யோசித்துவிட்டு, “ஒருத்தர் கிட்ட முழுசா இருந்தா அடிச்சு வாங்கிடுவாங்க. ஆளுக்குப் பாதி. அவன் பாதி அவளுக்குத் தெரியக் கூடாது, அவ பாதி அவனுக்குத் தெரியக் கூடாது” என்றார். நான் அசந்துபோனேன். என் பங்குக்கு, பெரிய எழுத்து, எண், சிறப்புக் குறி எல்லாம் கலந்திருக்க வேண்டும் என்று ஒரு மேதாவித்தனத்தைச் சேர்த்தேன்.

அந்த ஏற்பாட்டுக்கு வந்த முதல் ஜோடியைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை. பையன் கே.ஜி.கண்டிகைக்காரன், லோடு ஆட்டோ ஓட்டுபவன். பெண் பொதட்டூர்பேட்டை. வீட்டிலேயே பவர்லூம் போட்டு லுங்கி நெய்கிற குடும்பம். லுங்கிக் கட்டுகளை ஏற்றப் போன இடத்தில் பழக்கம். கழுத்தில் ஈர மஞ்சளோடு வந்து ஸ்டுடியோவில் உட்கார்ந்தார்கள். அவள் தன் பள்ளிச் சான்றிதழை நீட்டி, “எனக்குப் பதினெட்டு வயசாயிடுச்சுன்னு இதுலதாண்ணா இருக்கு. பத்திரமா வெச்சுக்கங்க” என்றாள். இவர் பெட்டியில் போட அதையும் ஸ்கேன் செய்துகொண்டு, அசலை அவளிடமே கொடுத்தார்.

முதலில் பையன் போய்த் தட்டிவிட்டு வெளியே வந்தான். பெண் போய் மீதியைத் தட்டினாள். அந்த மென்பொருள் மறுபடி ஒருமுறை உறுதி செய்யச் சொன்னது. மறுபடி பையன், மறுபடி பெண். நாங்கள் வெளியே டீ குடித்துக்கொண்டு நின்றோம். அவர்கள் கிளம்பும்போது இவர், “வேற எங்கியும் காப்பி இல்லம்மா, கவலைப்படாம போங்க” என்றார். சொல்லிவிட்டுத்தான் கேமரா கார்டு ஞாபகம் வந்திருக்கிறது. சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று உடனே உள்ளே போய்க் கார்டை முழுசாக அழித்தார். வேறு எந்த மனிதனும் செய்யாத காரியம்.

மாதம் திரும்பவில்லை. பெண் வீட்டார் தேடிப் பிடித்து, சமாதானம் பேசி, ஊர் மெச்ச ரிசப்ஷன் வைக்கலாம் என்று அழைத்துப் போனார்கள். வீட்டுக்குள் போனதும் அவளை அறையில் போட்டுப் பூட்டினார்கள். பையனுடைய போன் கிணற்றுக்குள் போனது. சான்றிதழ் கிழிந்தது. பதினேழு வயதுப் பெண்ணைக் கடத்தினான், கல்யாணமே நடக்கவில்லை என்று பையன்மேல் புகார். கோயிலில் தாலியை எடுத்துக் கொடுத்தவர், தான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றுவிட்டார்.

காவல் நிலையத்தில் பெண் இன்ஸ்பெக்டர். நல்ல மாதிரிதான். “கம்ப்ளெய்ன்ட் இருக்கு, நான் இன்னா பண்ண? பொண்ணு மேஜர்னு ஒரு பேப்பர் காட்டுங்க. நம்பர் இருந்தாக்கூட போதும், செக் பண்ணிக்கிறேன். இல்லன்னா நாளைக்கு இவன ரிமாண்டுக்கு அனுப்பித்தான் ஆவணும்” என்றார். பையன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தன் பாதியை இவர் காதில் சொன்னான். சொல்லும்போதே அழுதான். “அவ பாதி எனக்குத் தெரியாதுண்ணா. நீங்கதானே சொல்லக்கூடாதுன்னீங்க.”

ஸ்டுடியோவுக்கு வந்து, அவள் பெயர், அவன் பெயர், முருகன் பெயர், அவளுடைய நாய்க்குட்டியின் பெயர் என்று தட்டிப் பார்த்தோம். ‘தவறான பாஸ்வேர்ட்’ என்று அந்தப் பெட்டி சலிக்காமல் சொன்னது. உள்ளே ஒருவனுடைய வாழ்க்கை இருக்கிறது, நாங்கள் வாசலில் நின்று நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அவர் திரையைப் பார்த்தபடியே, “நேர்மையா எழுதியிருந்தான் சார்” என்றார். எனக்கு அவரை அடிக்கத் தோன்றியது.

பிறகு எழுந்து சட்டையை மாட்டினார். “அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போய்க் கேக்கலாம்.”

பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் நான் அவருக்குப் பாடம் நடத்தினேன். நாம் லுங்கி மொத்தமாக வாங்க வந்த வியாபாரிகள். உள்ளே போனதும் எப்படியாவது பெண்ணைப் பார்த்துவிட வேண்டும். பேசுவது நான். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. யாராவது கேட்டால் தரையைப் பாருங்கள், தறியைப் பாருங்கள், மூஞ்சியை மட்டும் யாரிடமும் காட்டாதீர்கள்.

“எனக்கு லுங்கி வேணும்தான் சார்” என்றார் நயமாக. “ஆனா அதுக்கு வரலியே.”

வீட்டின் முன்பகுதி முழுக்கத் தறிகள். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காத அளவுக்கு இரைச்சல். பெண்ணின் அப்பா ஒரு தறிப் பக்கம் நின்று நூலை முடிந்துகொண்டிருந்தார். அவளுடைய சித்தப்பா எங்களிடம் வந்தார். நான் என் லுங்கிக் கதையைக் கத்திச் சொன்னேன். நன்றாகத்தான் போனது. அதற்குள் சித்தப்பா இவர் பக்கம் திரும்பி, “நீங்க இன்னாத்துக்கு வந்தீங்க?” என்றார்.

நேரடிக் கேள்வி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இவர் தறிச் சத்தத்துக்கு மேலே தொண்டையைத் தூக்கினார். “உங்க பொண்ணு கல்யாணத்துக்குப் படமெடுத்தவன் நானு. அது கம்ப்யூட்டர்ல பூட்டிக் கெடக்குது. பையன் ஸ்டேஷன்ல கீறான்.”

சித்தப்பா தன் காதை நம்பவில்லை. தறிகளை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒவ்வொன்றாக நின்றன. இவர் நிறுத்தவில்லை, இரைச்சல் இருந்தபோது எடுத்த அதே குரலில், நிசப்தமாகிவிட்ட வீட்டுக்குள் கத்திக்கொண்டேயிருந்தார். “பையனோட பாதி கெடச்சிடுச்சு. பொண்ணோட பாதிதான் வேணும். அது இல்லன்னா நாளைக்கு அவன் ஜெயிலுக்குப் பூடுவான்.”

சித்தப்பாவின் கை என் சட்டைக் காலரில் இருந்தது. இவரை ஏன் பிடிக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்போது உள்ளே, வெளித் தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னாலிருந்து, அவள் குரல் வந்தது.

“கேபிடல் எம்.”

யாருக்கும் புரியவில்லை. பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அடுத்து ஓர் எழுத்து. அடுத்து ஓர் எழுத்து. நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவிப் புறங்கையில் எழுத ஆரம்பித்த பிறகுதான் சித்தப்பாவுக்கு விஷயம் உறைத்தது. “அண்ணி, அது வாய மூடு” என்று கத்தினார். அவளுடைய அம்மா தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினாள். கன்னத்தில் அறை விழும் சத்தம் கேட்டது. “அட் த ரேட்” என்றாள் பெண். இன்னொரு அறை. “நைனா, சொல்ல வுட சொல்லு நைனா.” அப்பா நூலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். “எட்டு” என்றாள். மறுபடி அறை. “ஹேஷ். அவ்ளோதாண்ணா. முடிஞ்சிடுச்சு.”

சிறப்புக் குறி கேட்ட மேதாவியான நான், புறங்கையில் அந்த ஹேஷ் குறியின் கட்டத்தை வரைந்து முடித்தேன்.

அடிக்க வந்தவர்களை அப்பாதான் நிறுத்தினார். “போவச் சொல்லு” என்றார். எங்களைப் பார்க்கவில்லை. நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் அவருடைய தறி மட்டும் மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஸ்டுடியோவில் உட்கார்ந்து பையனுடைய பாதியையும் பெண்ணுடைய பாதியையும் சேர்த்துத் தட்டினேன். தவறான பாஸ்வேர்ட். இன்னொரு முறை. தவறு. வியர்வையில் புறங்கை எழுத்துகள் கலைய ஆரம்பித்தன. பயத்தில் பையன் மாற்றிச் சொல்லிவிட்டானா, அடிபட்டதில் அவள் ஒன்றை விட்டுவிட்டாளா? இவர் நெடுநேரம் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இடது பக்கத்து ஷிப்ட் வேலை செய்யாது சார். வலது பக்கம் அமுக்கணும்” என்றார்.

“இத ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீங்க கேக்கல. அன்னிக்கு அவங்க ரெண்டு பேரும் கேட்டாங்க, சொன்னேன்.”

வலது பக்கம் அமுக்கினேன். பெட்டி திறந்தது.

கம்ப்யூட்டரை அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். இன்ஸ்பெக்டர் சான்றிதழ் எண்ணைக் குறித்துக்கொண்டார். யாருக்கோ போன் போட்டார். பிறகு தாலி கட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இவரிடம் கேட்டார். “இதுல எதுனா எடிட் பண்ணீங்களா?”

இல்லை என்ற ஒரு சொல் போதும். நான் அவர் முதுகைக் கிள்ளினேன்.

“பண்ணேன் மேடம். பையன் கன்னத்துல பரு இருந்துச்சு. எடுத்தேன்.”

“வேற?”

“பொண்ணு மேல கொஞ்சம் வெளிச்சம் ஏத்தினேன்.”

“தேதி?”

“தேதி மாத்தத் தெரியும் மேடம். மாத்தல.”

அந்த அம்மாள் அவர் முகத்தையே பார்த்தார். அந்த முகத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பஜ்ஜி சாப்பிட்டால்கூடத் தெரிகிற முகம். பிறகு ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் தள்ளினார். “இப்போ சொன்னத எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பருவயும் எழுதுங்க.”

பையனை ரிமாண்டுக்கு அனுப்பவில்லை. பெண்ணைக் கோர்ட்டுக்குக் கூட்டிவரச் சொல்லி ஆள் போனது. மறுநாள் அவள் நீதிபதி முன்னால் நின்று, யாருடன் போக விருப்பம் என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொன்னாள். அவளுடைய அப்பா வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவரைத் தாண்டித்தான் அவள் வெளியே வர வேண்டியிருந்தது. வந்தாள்.

கோர்ட்டு வாசலில் பையன் பக்கத்தில் நின்றுகொண்டு, “அண்ணா, ஒரு படம் எடுங்கண்ணா” என்றாள். அவள் இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. இவர் கேமராவைத் தூக்கினார். இறக்கினார். லென்ஸைத் துடைத்தார். பல வருடங்களில் அவர் ஒரு விஷயத்தைச் சொல்லத் தயங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

“அப்பால கம்ப்யூட்டர்ல போட்டு, அந்த வீக்கத்த எடுத்துடட்டாம்மா?”

அவள் யோசிக்கவில்லை.

“வேணாண்ணா. இருக்கட்டும்.”